எந்த மாத்திரை எதற்கு? மருந்துகளைப் பயன்பாட்டின்படி வகைபிரித்து அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

வயதான ஒருவருக்கு மூன்று மருத்துவர்கள் மருந்து எழுதியிருப்பார்கள். சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், மூட்டுவலிக்கு ஒருவர். நடுவில் சளி பிடித்தபோது தாமாக வாங்கிய மாத்திரையும் அதே டப்பாவில் கிடக்கும். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் எதிலும் தப்பிருக்காது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மருந்துகள் உள்ளே போவதும், ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுப்பதும் கண்ணில் படும். அப்படிச் சேர்த்துப் பார்க்க, மருந்துகளை வகைபிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்தியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். அட்டையில் உள்ளதைப் பொறுமையாகப் படிக்கிற யாரும் பழகிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மருந்து எந்த வகையைச் சேர்ந்தது என்பது ஒரு கேள்வி. இந்த நோயாளிக்கு அதை எதற்காகக் கொடுத்திருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு வகைப்பாட்டுப் பட்டியல் பதில் சொல்லும். இரண்டாவதற்கு, எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் பதில் சொல்ல முடியும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால், "எனக்குச் சர்க்கரையே இல்லை, எதற்குச் சர்க்கரை மாத்திரை?" என்று பயந்து, தேவையான மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வேறுபாட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகும்.

படி 1: பொதுப்பெயரைக் கண்டுபிடியுங்கள்

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த வணிகப்பெயர். அதை வைத்து எதையும் வகைபிரிக்க முடியாது. ஒரே மருந்து ஐம்பது பெயர்களில் வரும். கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டு வணிகப்பெயர்களுக்குள் முற்றிலும் வேறு மருந்துகள் இருக்கும். நமக்கு வேண்டியது சிறிய எழுத்தில் உள்ள பொதுப்பெயர். உலக சுகாதார நிறுவனம் 1950-களிலிருந்து மருந்துகளுக்குப் பன்னாட்டுப் பொதுப்பெயர்களை வழங்கிவருகிறது. அதனால் பெரும்பாலான மருந்துகளுக்கு எங்கே போனாலும் ஒரே பெயர்தான். சில விலக்குகள் உண்டு: பாரசிட்டமாலை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள், சால்பியூட்டமாலை அல்பியூட்டரால் என்பார்கள்.

அம்லோடிபின் பெசிலேட், மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு என்று இரண்டு சொற்களாக இருந்தால், பின்னால் வருவது பெரும்பாலும் உப்பின் பெயர். முதல் சொல்லை எடுத்துக்கொண்டால் போதும். ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்துகள் கலந்திருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். பின்னால் நாம் பார்க்கப்போகும் பல சிக்கல்கள் இந்தக் கூட்டு மாத்திரைகளுக்குள்தான் ஒளிந்திருக்கும். மில்லிகிராம் அளவையும் எழுத மறக்காதீர்கள். அளவு மாறும்போது சில மருந்துகளின் வகையே மாறிவிடும்.

படி 2: ஒரே மருந்தை நான்கு விதமாகப் பார்க்கப் பழகுங்கள்

"இது என்ன மருந்து?" என்று கேட்டால் நான்கு விதமாகப் பதில் வரலாம், நான்கும் சரியாகவே இருக்கும். அட்டினோலாலை எடுத்துக்கொள்வோம். அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து: இது சிகிச்சைப் பயன்பாட்டின்படி வகை. அது பீட்டா பிளாக்கர், அதாவது அட்ரினலின் போய் ஒட்டிக்கொள்ளும் பீட்டா ஏற்பிகளை அடைத்துவிடும் மருந்து: இது செயல்படும் முறையின்படி வகை. மருந்தின் வேதி அமைப்பை வைத்தும் ஒரு வகை சொல்லலாம். டயஸெபம், லோரஸெபம் முதலியவற்றை பென்சோடயஸெபின் என்று சொல்வது அப்படித்தான். நான்காவது, சீட்டு இல்லாமல் வாங்கலாமா கூடாதா என்ற சட்ட வகை. இது நாட்டுக்கு நாடு மாறும், அதை இங்கே விட்டுவிடலாம்.

பயன்பாடும் செயல்முறையும்தான் நமக்கு முக்கியம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்க்கோட்டில் பொருந்துவதில்லை. இரத்த அழுத்தம் என்ற ஒரே பயன்பாட்டுக்குள் பல செயல்முறைகள் இருக்கின்றன. உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் டையூரெடிக்குகள், இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர்கள், இரத்தக்குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் புகாமல் தடுக்கும் அம்லோடிபின் போன்றவை, குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் எனலாப்ரில் போன்றவை, உருவான ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுக்கும் லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்றவை. அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை என்றால் மருத்துவர் இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுப்பார். "பிரஷருக்கு மூன்று மாத்திரையா?" என்று மலைக்க வேண்டியதில்லை, மூன்றும் மூன்று வழியில் வேலை செய்கின்றன. அதே சமயம், ஒரே செயல்முறை கொண்ட இரண்டு பீட்டா பிளாக்கர்கள் சேர்ந்து இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

பக்கவிளைவும் பெரும்பாலும் செயல்முறையைத்தான் பின்தொடரும். எனலாப்ரில், ராமிப்ரில் எடுப்பவர்கள் சிலருக்கு வறட்டு இருமல் வந்து வாரக்கணக்கில் போகாது. அந்த மருந்துகள் ஆஞ்சியோடென்சினைக் குறைப்பதோடு, பிராடிகைனின் என்ற பொருள் உடைவதையும் தடுத்துவிடுவதால் இருமல் வருகிறது. டெல்மிசார்ட்டான் அந்த வழியில் கைவைப்பதில்லை, அதனால் இருமல் மிக அரிது. பயன்பாடு ஒன்று, செயல்முறை வேறு, பக்கவிளைவும் வேறு. இது தெரியாமல் அந்த இருமலுக்கு சிரப் மேல் சிரப் குடிப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கும்.

படி 3: பதினான்கு பெரும் பிரிவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் வகைப்பாடு ஏ.டி.சி. எனப்படுவது. உறுப்பு, சிகிச்சைப் பயன், வேதி அமைப்பு ஆகிய மூன்றையும் ஒரே குறியீட்டில் கோக்கும் முறை இது. 1970-களில் நார்வே ஆய்வாளர்கள், மருந்துச் சந்தை ஆய்வுக்காக ஐரோப்பாவில் இருந்த ஒரு பழைய வகைப்பாட்டை விரித்து இதை உருவாக்கினார்கள். 1982-இல் ஆஸ்லோவில் இதற்கென உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையம் அமைந்தது. இன்றும் அங்கிருந்துதான் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். அவர்களின் இணையதளத்தில் மருந்தின் பெயரைத் தட்டினால் குறியீடு கட்டணமில்லாமல் கிடைக்கும்.

இதில் மேல்மட்டத்தில் 14 பிரிவுகள். ஏ என்பது செரிமானப் பாதையும் வளர்சிதை மாற்றமும். அமிலத்தைக் குறைப்பவை, வாந்தியை நிறுத்துபவை, வயிற்றுப்போக்குக்கான உப்பு-சர்க்கரைக் கரைசல், வைட்டமின்கள், கால்சியம், சர்க்கரை நோய் மருந்துகள் எல்லாம் இதில். இன்சுலின் ஒரு ஹார்மோன் ஆயிற்றே, ஹார்மோன் பிரிவில்தானே தேட வேண்டும் என்று தோன்றும். இல்லை, இன்சுலினும் இங்கேதான், மெட்ஃபார்மினுக்குப் பக்கத்தில். எதற்குப் பயன்படுகிறது என்பதை வைத்து அடுக்கியதால் வந்த ஒழுங்கு இது.

அடுத்தது பி: இரத்தம். உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரின், ஹெபாரின் முதல் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம் வரை. சி இதயமும் இரத்தக்குழாய்களும். கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளும் அங்கே சேரும். டி தோல். ஜி சிறுநீர், இனப்பெருக்க உறுப்புகள், பாலின ஹார்மோன்கள். எச் மற்ற ஹார்மோன்கள்: தைராய்டு, ஸ்டீராய்டு. எம் தசையும் எலும்பும். என் நரம்பு மண்டலம். ஆர் மூச்சு மண்டலம். எஸ் கண், காது. வி என்பது எதிலும் அடங்காதவை: நச்சு முறிவு மருந்துகள், ஸ்கேன் எடுக்கும்போது ஏற்றும் சாயங்கள் போன்றவை.

மூன்று பிரிவுகளை வேண்டுமென்றே தனியாக வைத்தேன். மற்றவை பெரும்பாலும் உறுப்பை வைத்து அமைந்தவை. இந்த மூன்றும் எதிரியை வைத்து அமைந்தவை. ஜே, உடல் முழுதும் பரவி வேலை செய்யும் தொற்று எதிர்ப்பு மருந்துகள்: ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, பூஞ்சைக்கும் வைரஸுக்கும் எதிரானவை, தடுப்பூசிகளும்கூட. எல், புற்றுநோய் மருந்துகளும் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தணிக்கவோ தூண்டவோ செய்பவையும். மூன்றாவது (ஆங்கில P எழுத்து), மலேரியா, குடற்புழு முதலான ஒட்டுண்ணிகளுக்கு எதிரானவை. நுரையீரல் தொற்றுக்கு அமாக்சிசிலின் கொடுத்தாலும் சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்தாலும் அது ஜே பிரிவில்தான் இருக்கும், ஏனென்றால் அதன் இலக்கு உறுப்பு இல்லை, கிருமி. ஆனால் கண்ணில் விடும் ஆன்டிபயாடிக் சொட்டு எஸ் பிரிவுக்குப் போய்விடும், தோலில் பூசுவது டி பிரிவுக்கு. உள்ளே போய் இரத்தத்தில் கலக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் நிற்கிறதா என்பதுதான் பிரிக்கும் கோடு.

படி 4: ஒரு குறியீட்டைக் கடைசி வரை படித்துப் பாருங்கள்

மெட்ஃபார்மினின் குறியீடு ஏ10பிஏ02. இதை ஐந்து மட்டமாகப் பிரிக்கலாம். ஏ: செரிமானமும் வளர்சிதை மாற்றமும். ஏ10: சர்க்கரை நோய்க்கான மருந்துகள். ஏ10பி: இன்சுலின் தவிர்த்த, இரத்தச் சர்க்கரையைக் குறைப்பவை. ஏ10பிஏ: பைகுவானைடுகள் என்ற வேதிக் குடும்பம். கடைசி 02: மெட்ஃபார்மின்.

வீட்டுப் பயனுக்கு இரண்டாவது மட்டமும் நான்காவது மட்டமும் போதும். இரண்டாவது மட்டம் ஒன்றாக உள்ள மருந்துகள் ஒரே நோக்கத்தை நோக்கிப் போகின்றன. நான்காவது மட்டமும் ஒன்றாக இருந்தால் அவை நெருங்கிய உறவு. இரண்டையும் ஒருவர் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டிய தேவை அரிதாகத்தான் வரும். இந்த ஒரு விதியை வைத்தே இரட்டிப்புகளில் கணிசமானவற்றைக் கண்டுபிடித்துவிடலாம்.

குறியீட்டைத் தேடும்போது பக்கத்தில் டி.டி.டி. என்று ஓர் அளவு தென்படும். மெட்ஃபார்மினுக்கு 2 கிராம், அம்லோடிபினுக்கு 5 மில்லிகிராம் என்று இருக்கும். அதைப் பார்த்து, "நமக்குக் குறைவாகக் கொடுத்திருக்கிறாரே" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எவ்வளவு மருந்து புழங்குகிறது என்று நாடுகளுக்கிடையே ஒப்பிடுவதற்காக வைத்த சராசரிக் கணக்கு அது. பரிந்துரைக்கும் அளவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை.

படி 5: ஒரு மருந்து, பல முகவரிகள்

ஆஸ்பிரினைத் தேடிப் பாருங்கள். மூன்று குறியீடுகள் வரும். வலி, காய்ச்சலுக்கான மருந்தாக என் பிரிவில் ஒன்று. தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுத்து, மாரடைப்பு, பக்கவாதம் திரும்ப வராமல் காக்கும் மருந்தாக பி பிரிவில் ஒன்று. வாயில் உள்ளூர்ச் சிகிச்சைக்கானதாக ஏ பிரிவில் ஒன்று. வேதிப்பொருள் ஒன்றேதான். 75 மில்லிகிராம் மாத்திரை இரத்தத்துக்கு, 500 மில்லிகிராம் வலிக்கு. இதயத்துக்காக எழுதிய சின்ன ஆஸ்பிரினை "தலைவலி இல்லையே" என்று ஒதுக்குவது ஆபத்தில் முடியலாம்.

ஃபினாஸ்டெரைடும் இப்படித்தான்: 5 மில்லிகிராம் என்றால் புராஸ்டேட் வீக்கத்துக்கு, ஜி பிரிவு, 1 மில்லிகிராம் என்றால் முடி உதிர்வுக்கு, டி பிரிவு. மினாக்சிடில் மாத்திரையாக இரத்த அழுத்தத்துக்கும், தலையில் தடவும் திரவமாக முடி வளரவும். டிமோலால் மாத்திரை சி பிரிவில், கண் அழுத்தத்துக்கான சொட்டு எஸ் பிரிவில். இந்தச் சொட்டைப் பற்றி ஒரு வார்த்தை: கண்ணில் விட்டாலும் கொஞ்சம் மூக்கு வழியாக இறங்கி இரத்தத்தில் கலக்கும். அது பீட்டா பிளாக்கர் என்பதால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம். எஸ் பிரிவில் இருக்கிறது, கண்ணோடு நின்றுவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. கண் மருத்துவரிடம் ஆஸ்துமாவைச் சொல்லியாக வேண்டியது இதனால்தான்.

இதற்கு நேர்மாறானது இன்னும் குழப்பும்: குறியீடு ஒன்று, பயன்கள் பல. ப்ராப்ரனலால் இருப்பது இதய மருந்துகளின் பிரிவில். ஆனால் ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும், கை நடுக்கத்துக்கும், பதற்றத்தால் நெஞ்சு படபடப்பதற்கும் அதைக் கொடுப்பார்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மருந்துகளின் வரிசையில் இருக்கிறது. இரவில் 10 அல்லது 25 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் நரம்பு வலிக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ இருக்கும், மனச்சோர்வுக்கு அதைவிடப் பலமடங்கு அளவு வேண்டும். முக்கியப் பயன் எதுவோ அதை வைத்து ஒரே ஒரு குறியீடு தருவது ஏ.டி.சி.யின் பொது விதி. அதனால் மற்றப் பயன்கள் பட்டியலில் தெரியாமல் போகின்றன.

டாபாகிளிஃப்ளோசின் கதையும் இதுதான். சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கும் மருந்து, சர்க்கரை நோய்க்காகவே வந்தது. அப்புறம் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு, சர்க்கரை நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நன்மை செய்கிறது என்று ஆய்வுகளில் தெரிந்தது. 2020-இல் இதயச் செயலிழப்புக்கும், 2021-இல் நாள்பட்ட சிறுநீரக நோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குறியீடு இன்னும் ஏ10-இல்தான். சர்க்கரையே இல்லாதவரின் சீட்டில் அது இருந்தால் பதறாமல், எதற்கு என்று கேளுங்கள்.

வகை மாறிப்போனவற்றில் என்னை மிகவும் யோசிக்கவைப்பது தாலிடோமைடு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தபின், 1961-இல் அங்கே திரும்பப் பெறப்பட்டது. அதே மருந்து 1998-இல் தொழுநோயில் வரும் ஒரு கடும் எதிர்வினைக்கும், 2006-இல் மயலோமா என்ற புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று அது இருப்பது எல் பிரிவில். தூக்க மருந்து என்ற அடையாளம் போய்விட்டது. கருவைச் சிதைக்கும் தன்மை அப்படியே இருக்கிறது, அதனால் கடுமையான கட்டுப்பாடுகளோடுதான் கொடுக்கிறார்கள். மருந்தைப் புதிய வகைக்கு மாற்றினாலும் அதன் இயல்பு மாறுவதில்லை.

படி 6: பெயரின் வாலைப் பார்த்து ஊகியுங்கள், பிறகு சரிபாருங்கள்

பொதுப்பெயர் வைக்கும்போதே ஒரே குடும்பத்துக்கு ஒரே ஒட்டு வைப்பது வழக்கம். "லால்" என்று முடிந்தால் பீட்டா பிளாக்கராக இருக்க வாய்ப்பு அதிகம். "ப்ரில்", "சார்ட்டான்", "டிபின்" மூன்றும் இரத்த அழுத்த மருந்துகள். "வாஸ்டாட்டின்" கொழுப்புக்கு. "ப்ரசோல்" வயிற்று அமிலத்துக்கு. "கிளிப்டின்", "கிளிஃப்ளோசின்" சர்க்கரைக்கு. "சிலின்", "ஃப்ளாக்சசின்" ஆன்டிபயாடிக். "கோனசோல்" பூஞ்சைக்கு, "விர்" வைரஸுக்கு.

கையோடு பொறிகளையும் சொல்ல வேண்டும். அரிப்பிப்ரசோல் வயிற்று மருந்து இல்லை; மனநோய்க்கானது. நிஸ்டாட்டின் கொழுப்பு மருந்து இல்லை, பூஞ்சைக்கானது. "மைசின்" என்று முடிகிறவை ஸ்ட்ரெப்டோமைசீஸ் போன்ற நுண்ணுயிரிகளிலிருந்து கிடைத்த வழியைத்தான் காட்டுகின்றன. அதில் அசித்ரோமைசினும் உண்டு, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசினும் உண்டு, புற்றுநோய்க்கான பிளியோமைசினும் உண்டு. வாலை வைத்து ஊகிக்கலாம், முடிவு செய்யக் கூடாது.

படி 7: ஒரு உண்மையான டப்பாவைப் பிரித்துப் பார்ப்போம்

அறுபத்தாறு வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை, இரத்த அழுத்தம், முன்பு ஒருமுறை மாரடைப்பு, கால் எரிச்சல், முழங்கால் வலி. இப்போது சளியும். ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: மருந்து, பயன்பாட்டு வகை, செயல்முறை, இவருக்கு எதற்காக. நிரப்பினால் இப்படி வரும்:

- மெட்ஃபார்மின் 500: சர்க்கரை.
- டெல்மிசார்ட்டான் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 கலந்தது: இரண்டும் இரத்த அழுத்தம், ஒன்று ஆஞ்சியோடென்சினைத் தடுப்பது, மற்றது டையூரெடிக்.
- ஆஸ்பிரின் 75: இரத்தம் உறையாமல் இருக்க.
- அட்டோர்வாஸ்டாட்டின்: கொழுப்பு.
- பான்டாப்ரசோல் 40: வயிற்று அமிலம்.
- அமிட்ரிப்டிலின் 10, இரவில்: வகை மனச்சோர்வு; இவருக்குக் கால் எரிச்சலுக்கு.
- டைக்ளோஃபெனாக், பாரசிட்டமால் கலந்தது: முழங்கால் வலி.
- சளி மாத்திரை: பாரசிட்டமால், ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின்.

எட்டு மாத்திரைகள், பன்னிரண்டு வரிகள். இனி மேலிருந்து கீழாகப் படியுங்கள். பாரசிட்டமால் இரண்டு இடத்தில் இருப்பது உடனே தெரியும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்சவரம்பு 4 கிராம். பலருக்கு அதைவிடக் குறைவாகவே வைக்க வேண்டியிருக்கும். தெரியாமல் இரண்டு வழியில் போய்ச் சேர்ந்தால் கல்லீரலுக்குக் கேடு.

அடுத்தது அவ்வளவு எளிதில் தெரியாது. ஆஸ்பிரின் பி பிரிவு, டைக்ளோஃபெனாக் எம் பிரிவு. பயன்பாட்டுக் கட்டத்தை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் உறவே இல்லை. செயல்முறைக் கட்டத்தைப் பாருங்கள்: இரண்டும் ஒரே நொதியை, சைக்ளோஆக்சிஜனேஸைத் தடுப்பவை. அந்த நொதிதான் வயிற்றின் உள்சுவரைக் காக்கும் பொருள்களையும் உருவாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் இரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு கட்டம் போதாது, இரண்டும் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

டைக்ளோஃபெனாக் இன்னொரு இடத்திலும் இடிக்கிறது. டெல்மிசார்ட்டான், டையூரெடிக், இந்த வகை வலி மருந்து ஆகிய மூன்றும் ஒருவரிடம் கூடினால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் மூன்று பக்கமும் பாதிக்கப்படுகிறது. வயதானவர்களுக்கு, அதிலும் வாந்தி வயிற்றுப்போக்கில் உடல் வறண்டிருக்கும்போது, சிறுநீரகம் திடீரென்று தடுமாறலாம். மருத்துவர்கள் நன்றாக அறிந்த சேர்க்கை இது. இதய மருத்துவர் எழுதியதை எலும்பு மருத்துவர் பார்க்காதபோதுதான் நடந்துவிடுகிறது.

சளி மாத்திரைக்கு வருவோம். ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்பைத் திறக்க இரத்தக்குழாய்களைச் சுருக்கும். அழுத்தத்தைக் குறைக்க முயலும் மருந்துக்கு எதிராக நிற்கும். குளோர்ஃபெனிரமின் ஆர் பிரிவு, அமிட்ரிப்டிலின் என் பிரிவு. ஆனால் இரண்டும் நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கும், இரண்டும் தூக்கத்தைத் தரும். சேர்ந்தால் வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் கழிக்கச் சிரமம், இரவில் எழும்போது தடுமாறி விழுவது. சாதாரணச் சளி மாத்திரை என்று யாரும் சீட்டில் எழுதாமல் விடுவதுதான் இந்த டப்பாவிலேயே அதிகம் தொந்தரவு தருகிறது.

பான்டாப்ரசோல் வரியில் நான்காவது கட்டம் காலியாக இருக்கும். புண் இருந்ததால் கொடுத்தாரா, ஆஸ்பிரினால் புண் வராமலிருக்கக் கொடுத்தாரா? பதிலைப் பொறுத்துத்தான் அதை எவ்வளவு காலம் எடுப்பது என்பது இருக்கிறது. காலிக் கட்டத்தை நீங்களே ஊகித்து நிரப்பாதீர்கள். அங்கே ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள்.

இதில் எதையும் நீங்களே நிறுத்தக் கூடாது. ஆஸ்பிரினையோ பீட்டா பிளாக்கரையோ திடீரென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து. அமிட்ரிப்டிலினைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தாளை எடுத்துப்போய், "இந்த இரண்டும் ஒரே வழியில் வேலை செய்கின்றனவா? இந்த மூன்றும் சேர்ந்து இருக்கலாமா?" என்று கேளுங்கள். பொத்தாம்பொதுவாக "இத்தனை மாத்திரை தேவையா?" என்று கேட்பதைவிட இப்படிக் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

படி 8: அலர்ஜியைக் குடும்பமாகப் பதிவுசெய்யுங்கள்

"அமாக்சிசிலின் ஒத்துக்கொள்ளாது" என்று மட்டும் எழுதிவைப்பது போதாது. ஆம்பிசிலின், பிப்பராசிலின் எல்லாம் அதே பென்சிலின் குடும்பம். "பென்சிலின் குடும்பம், அமாக்சிசிலின் எடுத்தபோது வந்தது" என்று எழுதுங்கள். செஃப் என்று தொடங்கும் செஃபலோஸ்போரின்கள் பக்கத்து உறவு. சிலருக்கு மட்டுமே ஒவ்வாமல் போகும், அதை மருத்துவர் முடிவுசெய்வார். அசித்ரோமைசின் வேறு குடும்பம். என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தோல் தடிப்பு, மூச்சுத் திணறல், முகம் வீங்கியது என்பவை அலர்ஜியாக இருக்கலாம். வயிற்றைப் புரட்டியது என்பது பெரும்பாலும் வெறும் பக்கவிளைவு. அதை அலர்ஜி என்று பதிந்துவிட்டால், பிற்பாடு உயிர்காக்கும் மருந்து ஒன்றை வீணாக ஒதுக்க நேரிடும்.

மற்றப் பட்டியல்களைப் பார்த்தால்

ஏ.டி.சி. ஒன்றுதான் முறை என்று இல்லை. பிரிட்டனின் தேசிய மருந்துக் கையேடு உடல் மண்டலங்களின்படி அத்தியாயங்களாக அமைந்தது. அமெரிக்காவில் வேறு வகைப்பாடுகள் புழங்குகின்றன. 1977-இல் முதன்முதலில் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலும் சிகிச்சைப் பயன்பாட்டின்படி அடுக்கியதுதான். ஆன்டிபயாடிக்குகளுக்கு மட்டும் 2017-இலிருந்து அதில் கூடுதலாக ஒரு பிரிப்பு: முதலில் எடுக்க வேண்டியவை, கவனித்து எடுக்க வேண்டியவை, கடைசி ஆயுதமாக ஒதுக்கிவைக்க வேண்டியவை. கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதைத் தள்ளிப்போடவே இந்த ஏற்பாடு. ஒரே மருந்து இரண்டு பட்டியல்களில் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று தவறு என்று பொருளில்லை. எந்தக் கேள்விக்காக அடுக்கினார்களோ அதைப் பொறுத்தது. உங்கள் தாளுக்கு ஒரு முறையைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள்.

மருந்து மாறும்போதெல்லாம் தாளைத் தேதியோடு திருத்துங்கள். கண் சொட்டு, இன்ஹேலர், தோல் களிம்பு, வைட்டமின், மூலிகைப் பொடி எதையும் விடாதீர்கள். பல் பிடுங்கப் போனாலும் இந்தத் தாளைக் காட்டுங்கள், ஏனென்றால் அங்கே பி பிரிவு மருந்து இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கப் போனாலும் காட்டுங்கள்: சிறுநீரகம் பலவீனமாக உள்ளவர்களுக்கு அந்தச் சமயத்தில் மெட்ஃபார்மினைச் சில நாள் நிறுத்திவைக்கச் சொல்வதுண்டு, அதை எப்போது மீண்டும் தொடங்குவது என்று அங்கேயே கேட்டு, தாளில் அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.